பரீட்சையும் நியாயமும்

நம் திருக்கோவிலூர்ப் பகுதியிலிருந்து மென்பொருள் உத்தியோகத்தை நாடிச் செல்லும் இளைஞர், முதற்கண் ஒரு பரீட்சையைக் கடக்க வேண்டியவராயிருக்கின்றனர். கணினியின் முன் தனித்தமர்ந்து, குறித்த நாழிகைக்குள், புத்தகம் பாராமலும் பிறரை வினவாமலும் இரண்டு மூன்று புதிர்க் கணக்குகளுக்கு நிரல் எழுதுதல் வேண்டும். இம்முறை நியாயமானதா என்பதை ஆராயப் புகுவோர்க்குப் பழைய சரித்திரம் நல்ல விளக்காகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் காலத்தில் உயர்ந்த உத்தியோகங்கள் டைரக்டர்களுடைய சிபார்சினாலேயே கிடைத்து வந்தன. 1853-ம் வருஷத்துச் சட்டம் அச்சலுகையை நீக்கிற்று. 1855-ல் போட்டிப் பரீட்சை தொடங்கிற்று. சிபார்சு செய்ய ஆளில்லாத குடும்பத்தார்க்குப் பரீட்சையே துணை என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் அப்பரீட்சை லண்டன் மாநகரில் மட்டுமே நடந்தது. 1854-ல் மெக்காலே பிரபுவின் குழுவினர் வகுத்த திட்டத்தில் கிரேக்கத்திற்கும் லத்தீனுக்கும் தனித்தனி 750 மதிப்பெண். ஸம்ஸ்கிருதத்திற்கும் அரபிக்கும் தனித்தனி 375 மதிப்பெண்ணே. தமிழ் நாட்டில் நிலவரி தண்டுவோர்க்கும் வழக்குத் தீர்ப்போர்க்கும் கிரேக்கம் எவ்வாறு உதவும்? இத்தடைகளையெல்லாம் கடந்து 1863-ல் தேறிய சத்தியேந்திரநாத் தாகூரே முதல் இந்தியர். பின்னர் வயதின் உச்ச வரம்பும் குறைக்கப்பட்டு, 1878 முதல் 19 ஆயிற்று. அதனைக் கண்டித்து சுரேந்திரநாத் பானர்ஜி 1877-லேயே ஊர்தோறும் சென்று பேசினார். இந்தியாவிலும் அதே காலத்தில் பரீட்சை நடத்தவேண்டுமெனக் காமன்ஸ் சபை 1893-ல் தீர்மானித்தது; மாகாண அரசாங்கங்களுள் சென்னை ஒன்றே அதனை ஆதரித்தது. 1922-ல்தான் இங்கே பரீட்சை நடந்தது. யாவர்க்கும் ஒரே வினாத்தாள் என்பதனால் மட்டும் நியாயம் நிறைவுறாது என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவிலும் இத்தகைய வழக்கொன்று நிகழ்ந்தது. வட கரோலினாவில் டியூக் மின்சாரக் கம்பெனியார், நல்ல வேலைகளுக்கு உயர்நிலைப்பள்ளிச் சான்றும் அறிவுச் சோதனைத் தேர்ச்சியும் வேண்டுமென விதித்தனர். கறுப்பினத் தொழிலாளர் பெரும்பாலும் இதனால் தடையுற்றனர். ஆனால் அச்சான்றும் சோதனையுமின்றி முன்னரே சேர்ந்திருந்தோர் அவ்வேலைகளைச் செவ்வனே செய்து வந்தனர். வேலையோடு தொடர்பு காட்டப்படாத சோதனை, நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்டதாயினும், ஒரு சாராரை விலக்குமாயின் செல்லாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1971-ல் தீர்ப்பளித்தது.

இவ்வளவுகோலை மென்பொருட் பரீட்சைக்கும் இடுவோம். நிரலாளர் நாடோறும் செய்வதென்ன? பிறர் எழுதிய நிரலைப் படிக்கின்றனர், பிழை கண்டு திருத்துகின்றனர், நூல்களைப் பார்க்கின்றனர், உடனுழைப்போரைக் கலந்து கொள்கின்றனர். இவற்றையெல்லாம் விலக்கி வேகத்தையும் மனப்பாடத்தையும் அளக்கும் சோதனை, பல மாதம் பொருள் கொடுத்துப் பயிற்சி பெற்றவனுக்கே சாதகமாகும். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வரும் மாணவன் திறமையில் குறைந்தவனல்லன், பழக்கத்தில் குறைந்தவன். ஆயிரக்கணக்கான மனுக்களைச் சலிக்க வேறு வழியாதெனக் கம்பெனியார் வினவுவர். அது மெய்யே. எனினும் சிறு நிரலொன்றைக் கொடுத்து, பிழை திருத்தச் செய்து, நூல் பார்க்கவும் விட்டுச் சோதிப்பது இயலாததன்று. ஸோஹோ நிறுவனத்தார் 2005 முதல் பட்டம் பெறாத மாணவரையும் தாமே பயிற்றி வேலையில் அமர்த்தி வருவது, வேறு வழி உண்டென்பதற்குச் சான்று.

ஆகவே சகோதரர்களே! பரீட்சையை வெறுக்கவேண்டுவதில்லை; அது வேலைக்கு ஏற்றதாயிருக்க வேண்டுமென்று கேட்பதே முறை. அந்நாள் வருமளவும், உத்தியோகத்திலுள்ள நம்மவர் விடுமுறை நாட்களில் ஊர் வந்து, இளைஞர்க்கு இச்சோதனைகளைப் பழக்குவாராக. தேறாது திரும்பிய பிள்ளையைப் பெற்றோர் மூடனென இகழாதிருப்பாராக. ஒரு நாழிகைச் சோதனை ஒருவன் அறிவின் முழு அளவாகாது.