பங்கு என்பது நிலத்துண்டா?

சிறுசேரி, நாவலூர், தாழம்பூர் பக்கம் தாத்தா காலத்து நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பங்கு, பாகப்பிரிவினை என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே வரும். பங்கு கேட்பவர் நிலத்தில் ஒரு துண்டு கேட்கிறார் என்றும், பாகம் பிரிப்பது என்றால் சர்வேயரை அழைத்துக் கல் நடுவது என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். இது மிகவும் குறுகிய பொருள் என்பதும், பல குடும்ப வழக்குகள் பத்து இருபது ஆண்டு இழுப்பதற்கு இந்தக் குறுக்கமும் ஒரு காரணம் என்பதும் என் கருத்து. பங்கு ‘பகு’ என்னும் வேரிலிருந்து வந்தது. பகுதி, பகல் ஆகியவையும் அதன் கிளைகளே. பாகம் வடமொழியின் ‘பாக’ என்பதிலிருந்து வந்தது. ஒலியும் பொருளும் நெருங்கியிருப்பதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனால் ‘மூன்றில் ஒரு பங்கு’ என்னும்போது நாம் சொல்வது ஓர் அளவை மட்டுமே. அந்த மூன்றில் ஒன்று எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சிறுசேரி சிப்காட்டில் டிசிஎஸ் வளாகம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவர் வளாகத்தில் ஓர் அறை தனக்குச் சேரும் என்று நினைப்பதில்லை. பங்குச் சந்தையில் எளிதாகப் புரிகிற இந்தச் சொல், அப்பா விட்டுச்சென்ற அறுபது சென்ட் என்றதும் மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது.

பழைய சான்றுகளும் இதையே காட்டுகின்றன. பல்லவர் செப்பேடுகளில் பிரமதேயம் (பிராமணருக்கு விட்ட நிலக்கொடை) பெற்றவர்களின் பெயருக்கு நேரே இத்தனை பங்கு என்று எண்ணிக்கை வரும். இன்னாருக்கு இந்த வயல் என்று தனித்தனியே அளந்து கொடுத்ததாகாது அது. ஊர் முழுவதிலும் அவருக்குள்ள உரிமையின் அளவு. ஆயிரம் ஆண்டு கழித்தும் தொண்டைமண்டலத்தில் இந்த வழக்கம் உயிரோடு இருந்தது. 1763-இல் நவாபிடமிருந்து கம்பெனிக்கு வந்த ஜாகீர்தான் பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமானது. அங்கிருந்த மிராசு என்னும் பரம்பரை நில உரிமை குறித்து அரசு எழுப்பிய பதினேழு கேள்விகளுக்கு, சென்னைக் கலெக்டர் எல்லீஸ் எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. ஊரின் காணி இத்தனை பங்கு என்று நிலைபெற்றிருந்ததையும், பங்கை வைத்திருக்க இரண்டு முறைகள் இருந்ததையும் அவற்றில் காணலாம். பசுங்கரையில் நிலம் பொதுவில் கிடக்கும். சேர்ந்து பயிரிட்டு விளைச்சலைப் பிரிப்பார்கள், அல்லது சில ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வயல்களை மாற்றிக்கொள்வார்கள். இதற்குக் கரையீடு என்று பெயர். அறுதிக்கரையில் வயல்கள் நிலையாகப் பிரிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது, பசுங்கரைக்காரரும் தம் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம் என்பதுதான். வயல் மாறிக்கொண்டே இருந்தபோதும் பங்கு மாறவில்லை. தரிசு, மனைக்கட்டு, ஊர் வருமானம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் உரிமை உண்டு. பங்காளி என்ற உறவுச் சொல்லும் பங்கை ஆள்பவர் என்றே பொருள்படுகிறது.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை முழுமனதோடு ஏற்கிறேன். உழுதவருக்கு அந்தப் பங்கில் இடமில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, மாவட்டத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு மனைக்குக்கூட மிராசுதாரரை நம்பியிருந்த நிலையைச் சொன்னது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் என்ற சொல்லின் கதை அங்கேதான் தொடங்குகிறது. குடும்பத்துக்குள்ளும் பெண் வெளியே நின்றாள். தமிழ்நாடு 25.3.1989 முதல், அன்றைக்கு மணமாகாத மகள்களுக்கு மட்டும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005-இல் மையச் சட்டம் திருத்தப்பட்டு எல்லா மகள்களும் அந்த உரிமை பெற்றனர். திருத்தம் நடைமுறைக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே பழைய ஏற்பாட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது உரிமையும் நிலத்துண்டும் வேறு வேறு என்ற தெளிவை மட்டுமே. அந்த உரிமை யாருக்கு என்பதைப் புதிய சட்டம் சரியாகவே மாற்றி எழுதியிருக்கிறது.

‘பிரிவினை என்ற சொல்லிலேயே அறுப்பது இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அறுபடுவது உறவுநிலை. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் ‘நான் பிரிந்துகொள்கிறேன்’ என்று உறுதியாக மற்றவர்களுக்குத் தெரிவித்தாலே சட்டப்படி அவர் பிரிந்தவராகிறார். எல்லை குறித்து நிலத்தைப் பங்கிடுவது பின்னால் வருகிற தனி வேலை. உரிமையியல் நீதிமன்றமும் இதையே இரண்டு படிகளாகச் செய்கிறது. முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும். பிறகு வழக்கறிஞர் ஆணையர் இடத்தைப் பார்த்து அறிக்கை தர, இறுதித் தீர்ப்பாணை எந்தப் பக்கம் யாருக்கு என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் தலைமுறையே கழிந்துவிடுவதைக் கண்டுதான், இறுதித் தீர்ப்பாணைக்கான நடவடிக்கையை விசாரணை நீதிமன்றங்கள் தாமாகவே தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கட்டளையிட்டது. இந்த இரண்டாம் படிக்கு வேறு வழிகளும் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுத்து ஈடுகட்டலாம். பணம் பெற்றுக்கொண்டு உடன்பிறந்தவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். எல்லாரும் கையெழுத்திட்டு விற்றுத் தொகையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒத்துவராதபோது 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் கைகொடுக்கும். சொத்தின் தன்மையாலோ பங்குதாரர் எண்ணிக்கையாலோ முறையாகப் பிரிக்க முடியாது, விற்பதே எல்லாருக்கும் நல்லது என்று நீதிமன்றம் கருதினால், பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்கும்போது விற்க உத்தரவிடலாம். ஏழு வாரிசுகளுக்கு நடுவில் ஐந்து சென்ட் மனையை ஏழாக அறுத்தால், வழியும் இல்லாத, வீடு கட்டவும் ஆகாத கீற்றுகள்தான் மிஞ்சும்.

கனமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. பழைய மாமல்லபுரம் சாலையோரம் நிலம் விலை ஏறிய ஊர்களில், ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்கிக்கொண்டு மற்றவர்களை விற்கத் தள்ளலாமே; மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதுதானே ஏழைக்குப் பிடிமானம்? இந்த அச்சத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். சட்டமும் தட்டிக்கழிக்கவில்லை. விற்பனை கேட்டவரின் பங்கை மற்றப் பங்காளி மதிப்பீட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி உள்ளே வந்து சேர்ந்து வாழ உரிமை கோர முடியாது. அவர் பிரிவினை வழக்குப் போட்டால், குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை மதிப்பீட்டு விலைக்குத் திரும்பப் பெறலாம். இந்தக் கடைசி இரண்டு காப்புகளும் வீட்டுக்குத்தான், காலி நிலத்துக்கு இல்லை என்பது உண்மையான குறை. சிறுசேரி போன்ற ஊரில் வில்லங்கம் அங்கேதான் முளைக்கிறது. அதற்குக் கல் நடுவது மருந்தாகாது. கூட்டுப் பட்டாவில் எல்லா வாரிசுகளின் பெயரும், முக்கியமாகச் சகோதரிகளின் பெயரும், ஏறியிருக்க வேண்டும்; விலை பேசத் தொடங்குமுன் பங்கின் அளவை எழுத்தில் ஒப்புக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு என்று முடிவாகாமல் எங்கே என்று தொடங்குகிற பேச்சில், குரல் தணிந்தவருக்கே எப்போதும் ஓரத்து மேடு பள்ளம் வாய்க்கிறது.

அதே வயல்கள் மேல் எழுந்திருக்கும் அடுக்குமாடிகளின் கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். ‘பிரிபடாத பாகம்’ என்று ஒரு சதுரடிக் கணக்கு இருக்கும்; ஊரில் அதை யூ.டி.எஸ். என்கிறார்கள். வீடு பத்தாம் மாடியில் இருந்தாலும் மண்ணில் உரிமை உண்டு. எந்த மண் என்று காட்ட முடியாது, தனியே பிரித்துக் கேட்கவும் முடியாது, வீட்டோடு சேர்த்து விற்கலாம். பசுங்கரையின் தர்க்கம் இதில் அப்படியே இருக்கிறது. பூர்வீக நிலத்தில் கல் நட்டே தீருவேன் என்கிற அதே கை, இந்தப் பத்திரத்தில் தயங்காமல் கையெழுத்திடுகிறது. ஆனால் கையெழுத்திடுபவர் சமையலறையின் அளவைக் கேட்கும் அக்கறையில் பாதியைக்கூட இந்த எண்ணுக்குக் காட்டுவதில்லை. கட்டடம் ஆண்டுதோறும் மதிப்பு இழக்கும், நிலத்தின் மதிப்பு ஏறும். கட்டடம் முதுமை அடையும் நாளில் அந்த எண்தான் கையில் மிஞ்சும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி தருகிறது. அப்போது நடக்கும் பேரத்தில் ஒவ்வொருவரும் தம் பத்திரத்தைப் பிரித்து முதலில் தேட வேண்டிய வரி, பிரிபடாத பாகம் எத்தனை என்பதே.