மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

மலர்க்குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதித் தாருங்கோ" என்று கேட்டபோது, நல்லூர் இராசதானி பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆக்கள் இருக்கினம் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். விடவில்லை. எனக்கு வடிவாகத் தெரிந்த வரலாறு எங்கள் வீட்டு ஒஸ்ரின் ஏ40 காரின் வரலாறு ஒன்றுதான். அதையே எழுதுகிறேன்.

போன கோடையில் இங்கே நியூ ஜேர்சியில், மருமகனின் பழைய யப்பான் காரின் எஞ்சினை எங்கள் வீட்டுக் கராஜில் இறக்கித் திருத்திப் பூட்டினோம். வெளியில் கேட்ட கூலி காரின் விலையைவிடக் கூட. எஞ்சின் தூக்கும் கருவியை நாள் வாடகைக்கு எடுத்தோம். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று புத்தகத்தில் இலக்கம் போட்டிருக்கிறது. "மாமா, இதை எந்தக் காலேஜில் படிச்சனீங்கள்?" என்று பொடியன் கேட்டான். கோண்டாவிலில், மாமரத்துக்குக் கீழே என்றேன். பகிடி என்று நினைத்துவிட்டான்.

முதலில், 1950களின் இங்கிலாந்துக் கார்கள் யாழ்ப்பாணத்தில் ஏன் அவ்வளவு காலம் நின்றுபிடித்தன என்று சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றே போனது. 1977இல்தான் திரும்பவும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரை வைத்துத் திருத்தி ஓடுவதைவிட வேறு வழி இல்லை. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் அப்படித் தங்கியவைதான். எங்களுடையது 1952க்கும் 1954க்கும் இடையில் செய்த சோமசெற் வகை. 1200 சி.சி. எஞ்சின். நம்பர் பிளேற்றில் ஸ்ரீ எழுத்து வர முந்திப் பதிந்த வண்டி என்பதில் ஐயாவுக்குத் தனிப் பெருமை!

1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கியது. வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயும் மட்டுமட்டு, விலையோ பல மடங்கு. ஆனால் தேடினால் கிடைத்தது. றோட்டில் கார்கள் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கின.

இந்த உபாயம் வானத்திலிருந்து விழவில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த எங்கள் கமக்காரரின் மிசின்கள் முந்தியே அப்படித்தான் ஓடின: பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறினபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இங்கிலாந்தில் ஃபேர்குசன் ரக்ரரிலும் 1949 அளவில் இப்படியொரு வகை செய்து விற்றார்கள். கார் மெக்கானிக்மாருக்கு வழி காட்டியது தோட்டத்து இறைப்பு மிசின்தான் என்பது என் எண்ணம்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. சூடு வேண்டும். ஏ40 எஞ்சினில் காற்று உறிஞ்சும் குழாயும் புகை போகும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டினாற்போல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. புகையின் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகும். அழுத்த விகிதமும் ஏழு சொச்சந்தான். இந்தக் காலத்துக் கார்களில் பத்தும் அதற்கு மேலும் இருப்பதால் எஞ்சின் தட்டித் தட்டியே செத்துப்போகும். எங்கள் வீட்டில் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் இருந்தது. ஸ்ராட் பண்ண காபரேற்றருக்குள் சில துளி. அந்தப் போத்தல் சுவாமி அறையில், பூட்டின பெட்டிக்குள் இருந்தது. இரவில் பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாஸ்பத்திரிக்கு ஆளேற்ற யாரும் படலை தட்டினால், அம்மா முதலில் எடுப்பது அதைத்தான்.

இதுவரை நான் சொன்னதை விழா மேடைகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கடை ஆக்களின் மூளை எண்டு கை தட்டியும் இருப்பீர்கள். நானும் தட்டினவன்தான். ஆனால் எஞ்சின் அதற்குக் கொடுத்த விலையை ஒருத்தரும் சொல்வதில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒழுகி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! அந்தத் தண்ணி ஒயிலில் பெயரிங் தேயும், வால்வில் கரி பிடிக்கும். ஆகவே பெற்றோலில் வருடக்கணக்கில் திறக்கத் தேவையில்லாத எஞ்சினை நாங்கள் சில மாதத்துக்கு ஒருமுறை திறந்தோம்.

அயலில் செயின் புளொக் ஒன்றுதான். அதை மாங்கொப்பில் மாட்டி எஞ்சினை இறக்குவோம். றிங் புதிதாய்க் கிடைக்காது. வேறு எஞ்சினில் கழற்றினதில் தேய்வு குறைந்ததைத் தேட வேண்டும். சிலிண்டருக்குள் றிங்கை மட்டும் இறக்கி, வாய்வெட்டு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்து எடுப்போம். கேஸ்கற்றுக்குக் கனத்த மட்டையை விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் வடிவம் தானாக வெட்டுப்படும். வால்வை அரைக்கும் பசை பூசி, மத்துக் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தடியை உருட்டுவோம். அது என் வேலை. தேய்ந்த பெயரிங்குக்குப் பின்னால் சிகரெட் பெட்டித் தாளை அண்டை கொடுத்ததும் உண்டு. படித்த எஞ்சினியர்மார் மன்னிக்க வேண்டும். வடித்த ஒயிலைக் கொட்டுவதில்லை. அடைய விட்டு, துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றுவோம்.

ஐயாவின் ஒரே கண்டிப்பு ஒழுங்கு. எந்த வால்வு எந்த ஓட்டையில் இருந்ததோ அதிலேதான் திரும்பப் போக வேண்டும். மட்டையில் எட்டுத் துளை போட்டு, இலக்கம் எழுதி, வால்வுகளை அதில் குத்தி வைப்பார். பூட்டும்போது கியர்பொக்ஸின் தண்டு கிளச் தட்டின் நடுவில் சரியாக நுழைய வேண்டும். அதற்குப் பனை வைரத்தில் சீவின தடி ஒன்று வைத்திருந்தார். முடிவில் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று பிளக் வயர்களை மாட்டும்போது அயலே கூடி நிற்கும்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் எழும்பியபோது, எங்கள் எஞ்சின் தலை கழற்றினபடி முற்றத்தில் கிடந்தது. பூட்ட நேரமில்லை. மழை வேறு. உரச் சாக்கொன்றை மூடிவிட்டு, அம்மம்மாவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம். ஐயாவின் பைக்குள் காணி உறுதியும், வால்வு குத்தின மட்டையும். அம்மா ஏசினா. ஐயா வாய் திறக்கவில்லை.

1996இல் திரும்பிப் போனபோது சாக்கு இல்லை. நாலு சிலிண்டரிலும் தண்ணி நின்று, பிஸ்ரன்கள் துருவில் இறுகியிருந்தன. ஐயா மண்ணெண்ணெயைத்தான் ஊற்றி ஊற வைத்தார். பத்து நாளுக்குமேல் சென்றது அசைய. ஆனால் சிலிண்டர் சுவர் பழுதாகிவிட்டது, அதைத் துளைத்துப் பெரிய பிஸ்ரன் போட வேண்டும். அதற்கிடையில் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை யாழ்ப்பாணம்வரை திறந்தபின் ஐயாவின் கடிதம் வந்தது: கொழும்பிலிருந்து பிஸ்ரன் வந்திட்டுது, கார் பெற்றோலில் ஓடுது, வால்வு எட்டும் பழசுதான்.

மருமகனின் காருக்குப் பதினாறு வால்வு. மட்டையில் துளை போடச் சொன்னேன். "போனில் படம் எடுத்து வைச்சால் போதுமே மாமா" என்றான். படமும் எடுத்தான், துளையும் போட்டான். இலக்கங்களை நான் எழுதினேன்.