ஒற்றைக் கப்பல் படை

'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்ஸனைத் தமிழ் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அவர் தம் கடைசி ஆண்டுகளைப் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவில் கழித்தார். அந்தத் தீவின் தொல்லைகளைப் பற்றி 1892-ல் அவர் வெளியிட்ட சரித்திர நூலில் கைமிலோவா என்ற கப்பல் ஒன்று வந்து போகிறது. அப்போது ஹவாய் ராஜ்யத்தின் கப்பற் படை முழுவதும் அந்த ஒரே கப்பல்தான். அதன் கதையைத் தெரிந்துகொண்டபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஹவாயை அப்போது ஆண்டவர் கலாகௌவா மன்னர். 1881-ல் உலகத்தைச் சுற்றி வந்தவர். பட்டத்தில் இருந்தபடியே அவ்வாறு சுற்றி வந்த முதல் அரசர் அவரே என்பார்கள். வெள்ளைக்கார வல்லரசுகள் பசிபிக் தீவுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. மிச்சமிருக்கும் தீவுகள் ஒன்று சேர்ந்தால் பிழைக்கலாம் என்று மன்னருக்கும் அவருடைய பிரதம மந்திரி கிப்ஸனுக்கும் தோன்றிற்று. சமோவாவுக்குத் தூது போயிற்று. அங்கே மலியெட்டோவா லௌபெபா என்ற மன்னர், 1887 பிப்ரவரியில், ஹவாயுடன் கூட்டுச் சேர ஒப்பந்தம் செய்துகொண்டார்.

ஒப்பந்தம் மட்டும் இருந்தால் போதுமா? கொடி பறக்க ஒரு போர்க்கப்பல் வேண்டாமா? கொப்பரை ஏற்றிக்கொண்டிருந்த 171 டன் நீராவிக் கப்பல் ஒன்றை 20,000 டாலருக்கு வாங்கினார்கள். அதில் சில சிறு பீரங்கிகளைப் பொருத்தினார்கள். சீர்திருத்தப் பள்ளி ஒன்றை நடத்திவந்த ஆங்கிலேயர் கேப்டன் ஆனார். அந்தப் பள்ளிப் பையன்கள் பலர் மாலுமிகள் ஆனார்கள். பாண்டு வாத்தியமும் அவர்களே! 'தொலைவில் தேடுவது' என்று பொருள்படும்படி கப்பலுக்குக் கைமிலோவா என்று பெயர் வைத்தார்கள்.

ஜூன் மாதம் கப்பல் சமோவாவின் அபியாத் துறைமுகத்தை அடைந்தது. அங்கே அதிகாரம் செலுத்த முயன்ற ஜெர்மானியர், 'ஆட்லர்' என்ற தங்கள் போர்க்கப்பலை அதன் பின்னாலேயே அனுப்பினார்கள். ஆட்லர் என்றால் கழுகு. கோழிக்குஞ்சைக் கழுகு வட்டமிட்ட மாதிரிதான். போதாக்குறைக்குக் கைமிலோவாவில் குடியும் சண்டையும் மிஞ்சிக் கடைசியில் கலகமே மூண்டது.

இதுவரையில்தான் நான் சிரித்தேன்.

அதே ஜூலையில் ஹொனலூலுவில் கரும்புத் தோட்ட முதலாளிகளும் வெள்ளை வர்த்தகர்களும் ஆயுதம் தாங்கிய படையுடன் மன்னரை நெருக்கினார்கள். அவருடைய அதிகாரங்களைப் பறிக்கும் அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'துப்பாக்கி முனைச் சட்டம்' என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர். கிப்ஸன் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. கைமிலோவாவைத் திரும்ப அழைத்து, விற்றுவிட்டார்கள். செப்டம்பரில் ஜெர்மானியர் மலியெட்டோவாவைப் பிடித்து நாடு கடத்தினார்கள்.

அதே ஆண்டின் முடிவுக்குள் இன்னொரு காரியமும் நடந்தது. ஹவாய்ச் சர்க்கரையை வரியில்லாமல் அமெரிக்காவில் விற்பதற்கான ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அதற்கு விலையாக, முத்துத் துறைமுகத்தை அமெரிக்கக் கப்பற் படைக்குத் தனி உரிமையாக விட்டுக்கொடுத்தார்கள். 1941-ல் ஜப்பானியர் குண்டு போட்டார்களே, அதே துறைமுகந்தான். ஒரு கப்பல் வைத்துக்கொள்வது ஆடம்பரம் என்று மன்னரைப் பரிகசித்த தேசத்தில், ஒரு துறைமுகமே கைமாறுவது வியாபாரம் ஆகிவிட்டது.

1891-ல் கலாகௌவா காலமானார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த தங்கை லிலியுவோகலானியை 1893 ஜனவரியில் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். அப்போது ஹொனலூலுத் துறைமுகத்தில் நின்ற 'பாஸ்டன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160-க்கு மேற்பட்ட வீரர்கள் கரையிறங்கி நின்றார்கள். 1898-ல் ஹவாய் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டது.

கைமிலோவா இருந்திருந்தால் பாஸ்டனைத் தடுத்திருக்குமா? நிச்சயமாக இல்லை. ஆனால் அந்தப் பையன்கள் பாண்டு வாசித்துக்கொண்டு புறப்பட்ட நாளில், 'நாங்களும் ஒரு தேசம்' என்று அந்த ராஜ்யம் கடலில் நின்று சொல்லிற்று. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.