ஒன்றா, சுழியமா: கல்வெட்டு ஆண்டுக் கணக்கில் தொடக்க எண்

2010 சூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபொழுது, ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் சுழியத்திற்குரிய குறி இடம்பெற்று ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முன் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களோடு பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகளே இருந்தன. சுழியத்தின் இடம் 2005 வரை வெற்றிடம். மரபுவழித் தமிழெண் முறைக்குச் சுழியம் தேவைப்படவில்லை என்பது உண்மை. அதுகொண்டு தமிழர் எதனையும் ஒன்றிலிருந்தே எண்ணினர் என முடிவுகட்டுவது பொருந்தாது. குறி வேறு, கணக்கு வேறு.

கொங்குச் சோழன் வீரராசேந்திரன் 1207இல் ஆட்சியேற்றான் எனக் கொள்வர். அவனது பதினைந்தாவது ஆட்சியாண்டை அறிய 15ஐக் கூட்டினால் பிழை நேரும். ஆட்சியேற்ற ஆண்டே முதலாவது ஆதலின் கூட்டவேண்டியது 14, விடை 1221-22. ஃபோர்ட்ரான் மொழி (1957) அணியின் உறுப்புகளை ஒன்றிலிருந்து எண்ணியமையால், உறுப்பின் இடத்தை அறிய இதே போன்று ஒன்றைக் கழிக்கவேண்டியிருந்தது. பி.சி.பி.எல்., சி ஆகிய மொழிகளில் எண் வரிசையைக் குறிப்பதன்று. தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவைக் குறிப்பது. ஆகவே முதல் உறுப்பின் எண் சுழியம். டைக்சுட்ரா 1982இல் இம்முறைக்கு ஆதரவாக வாதிட்டார்.

இத்தொலைவுக் கணக்கு நம் ஆவணங்களுக்குப் புதிதன்று. கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, கலியுகத்தில் 14,49,087 நாள் சென்றதைக் குறிக்கிறது, அது கி.பி. 866 சூலை 8 ஆகும். சகாப்தக் குறிப்புகளிலும் ‘சென்ற’ என்ற சொல்லே முடிவுசெய்கிறது. சென்ற சகம் 1200 எனில் 1278-79. நடப்பு ஆண்டாயின் 1277-78. அச்சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படியெடுத்தால் ஓராண்டு பிசகும்.

பாண்டியர் கல்வெட்டுகளின் ‘எதிர்’ ஆண்டு இன்னும் நுட்பமானது. இரண்டாவதின் எதிர் ஐந்தாவது என்பதனை ஏழாவது ஆட்சியாண்டாகவே ஆய்வாளர் கொள்கின்றனர். இரண்டாவது ஆண்டையே ஒன்றெனத் தொடங்கி எண்ணினால் ஆறாவதே கிட்டும். ஆகவே இரண்டாவது ஆண்டு இங்கே சுழியத்தின் இடத்தில் நிற்கிறது. மூன்றாவதே எதிர் ஒன்று. இரண்டாவது என்பதோ ஆட்சியின் முதலாண்டை ஒன்றெனக் கொண்டது. ஒரே தொடரில் இருவகைத் தொடக்கமும் உள்ளன. இவ்வாண்டுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுவோர் கூட்டுத்தொகையை மட்டும் பதியாது, இரு எண்களையும் தனித்தனியே பதிதல் வேண்டும். ‘சென்ற’, ‘எதிர்’ ஆகிய சொற்களுக்கும் தனிப்புலம் தேவை.