சினிகாங்
சினிகாங் என்பது பிலிப்பீன்சு நாட்டு வீடுகளில் இறைச்சி அல்லது மீனுடன் காய்கறி சேர்த்துச் சமைக்கப்படும் புளிப்புக் குழம்பு ஆகும். வேகவைத்தலைக் குறிக்கும் 'சிகாங்' என்னும் தகலாகு மொழி வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

புளியங்காய், பிலிம்பி, கொய்யா, மாங்காய் என அந்தந்த ஊரிலும் பருவத்திலும் கிடைப்பதே புளிப்புக்குப் பயன்பட்டது. அரிசி கழுவிய நீரில் இறைச்சியை வேகவைத்து, சேம்பு, முள்ளங்கி, வள்ளைக்கீரை சேர்ப்பர். இதிலிடும் தக்காளி எசுப்பானியர் ஆட்சியில் (1565–1898) அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

வெளிநாட்டுச் சமையல் நூல்கள் எசுப்பானியப் பெயர் கொண்ட அடோபோவையே பிலிப்பீன்சு உணவின் அடையாளமாகக் காட்டின. எழுத்தாளர் டோரீன் பெர்னாண்டசு (1934–2002) இதை மறுத்து, பிலிப்பீனியரின் சுவையைக் காட்டுவது சினிகாங்கே என எழுதினார். இன்று பல வீடுகளில் பொட்டலப் புளிப்புப் பொடி காய்கனிகளின் இடத்தைப் பிடித்துள்ளது. அங்கு எப்பருவத்திலும் ஒரே புளிப்புதான்.