உடும்பஞ்சோலை இறக்கம்

ஏலக்காய்க்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள். மூணாறு தேயிலைக்கு எழுதியிருக்கிறார்கள். முல்லைப் பெரியாறு பற்றி எழுதியதையெல்லாம் அடுக்கினால் அதுவே ஒரு அணை உயரத்துக்கு வரும். ஆனால் அந்த மலையிலிருந்து வண்டிகள் எப்படிக் கீழே இறங்கின என்று யாரும் உட்கார்ந்து எழுதி நான் படித்ததில்லை. போடிநாயக்கனூரில் பிறந்து, கொலராடோவில் நெடுஞ்சாலை வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் சரிவுக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நானே எடுத்துக்கொள்கிறேன் :-) விடுமுறைக்கு ஊருக்குப் போய், வாடகைக் கார் எடுத்து, பிள்ளைகளோடு மூணாறு போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

உடும்பஞ்சோலை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஒரு தாலுகா. நெடுங்கண்டம் தலைமையிடம். சாந்தன்பாறை, பூப்பாறை, வண்டன்மேடு எல்லாம் இந்தப் பக்கம்தான். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு போயின. 1972 ஜனவரி 26-ல் இடுக்கி தனி மாவட்டம் ஆனது. கோடு எங்கே போட்டாலும் ஏலக்காய் பறிக்கிற கை பெரும்பாலும் தமிழ்க் கைதான். பெயரே உடும்பு, சோலை என்று தமிழில்தானே நிற்கிறது. உடும்புப் பிடி என்று நாம் சொல்கிற பிடி இந்த மலை இறங்குகிற வண்டிக்கு வேண்டும் என்பது தனி விஷயம்.

இந்த மலையின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். மேலே ஏறிவிட்டால் மேடும் பள்ளமுமான ஒரு பீடபூமி. கிழக்கு விளிம்பில் மட்டும் சட்டென்று கத்தரித்தாற்போல் கம்பம் பள்ளத்தாக்கு விழுகிறது. அந்த விளிம்பில் உள்ள ஊர்களுக்கெல்லாம் மெட்டு என்று பெயர்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, சதுரங்கப்பாறை மெட்டு. ஆக, சரிவு முழுக்கத் தமிழ்நாட்டுப் பக்கம். ஆட்கள் காலையில் வேலைக்கு ஏறுகிறார்கள், சாயங்காலம் வீட்டுக்கு இறங்குகிறார்கள். ஓட்டுகிறவர் களைத்துப்போய், மழையும் மூடுபனியும் இறங்குகிற நேரத்தில்தான் வண்டியும் இறங்க வேண்டியிருக்கிறது. உலகத்தில் பல மலைகளில் இது நேர்மாறாக இருக்கும். நமக்கு வாய்த்தது இப்படி.

சாலை வருவதற்கு முன்னால் பிரேக் என்ற பேச்சே இல்லை. தலைச்சுமை, கழுதை, மட்டக்குதிரை. கால்தான் பிரேக். மாட்டு வண்டி வந்த பிறகுதான் இறக்கம் ஒரு பிரச்சினையாக மாறியது, ஏனென்றால் மாடு இழுக்கத் தெரிந்த பிராணி, பின்னாலிருந்து தள்ளுகிற பாரத்தைத் தாங்கத் தெரிந்த பிராணி அல்ல. தேர் இழுக்கிற ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் வடம் பிடிப்பவர்கள் கையில் இல்லை, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆள் கையில்தான். (திருவாரூர்த் தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. முட்டுக்கட்டையை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை.)

வெள்ளைக்காரத் துரைமார் இந்த விளிம்பைப் பார்த்து, வண்டியை இறக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பக்கத்துத் தேவிகுளம் மலையில் 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள், 1908-ல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வந்ததும் ரயில் நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் மாட்டு வண்டியில் போடிக்கு. பெட்டி தொங்கி இறங்கலாம், மனுஷன் அப்படி இறங்க முடியாதே. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, திரும்ப வரவில்லை. 1928-ல் போடிக்கே ரயில் வந்தது. மலைக்கும் ரயிலடிக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தச் சரிவு மட்டும்தான்.

அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டது ஜீப். 1947-ல் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. பட்டாளத்துக்குச் செய்த வண்டி, ஏலத்தோட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்துவிட்டது. ஏறுவதற்குத் தகுந்த வண்டி என்று எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் அதன் அருமை இறங்குவதில். பக்கத்தில் இருக்கிற இன்னொரு சின்ன லிவரைத் தள்ளினால் லோ கியர் விழும், ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு தணிந்துவிடும். பிரேக்கைத் தொடாமலேயே நடக்கிற வேகத்தில் வண்டி இறங்கும்.

நல்ல விஷயம் இதோடு முடிந்தது. அந்தப் பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் வழி. எங்கேயாவது ஒரு குழாய் உடைந்தால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். அமெரிக்காவில் 1968-லிருந்து புதுக் கார்களுக்கு இரட்டை வழி கட்டாயம். மலையில் அதற்கு அப்புறமும் வெகு காலம் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

என் சித்தப்பா சாந்தன்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டியவர். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது பிரேக்கைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி. "எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கணும்டா." ஏன் சித்தப்பா என்றால் பதில் வராது, தலையில் ஒரு தட்டு வரும். ஏன் என்பது எனக்குக் காலேஜ் போன பிறகுதான் கணக்காகப் புரிந்தது. உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

போடிமெட்டிலிருந்து அடிவாரம் வரை சுமார் 1000 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பதினைந்து பேரோடு ஜீப்பின் எடை சுமார் 2000 கிலோ. அத்தனை உயரத்தையும் பிரேக்காலேயே இறங்கினால் பிரேக்கில் சேருகிற சூடு, கிட்டத்தட்ட 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நாலு குடம்! கூடுதலாக ஏறுகிற ஒவ்வொரு ஆளுக்கும் இன்னும் ஒன்றரை லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்தப்பா காலத்தில் வண்டிக்கு வருமானம் தலைக்கணக்கில் வந்தது, அதனால் எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்துக்குக் குறையாது. அதில் முக்கால்வாசி பெண்கள், விடியும் முன்னே சோற்று வாளியோடு கிளம்பியவர்கள்.

இந்தச் சூடு எங்கே போகும்? டிரம் பிரேக்கில் டிரம் சூடாகி வெளிப்பக்கமாக விரியும், உள்ளேயிருக்கிற லைனிங்கை விட்டு விலகும். பெடல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக் இதில் தேவலாம், ஆனால் அடுத்த ஆபத்து இரண்டுக்கும் பொது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சாமான். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிதான். வருஷத்தில் பாதி மழை பெய்கிற ஏலமலையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கினால் அமுங்கும், சக்கரத்தைப் பிடிக்காது. வண்டி ஆறின பிறகு மெக்கானிக் மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நிற்கும். "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்று அவர் சொல்வது பொய்யில்லை, மிதித்த நேரம் வேறு.

2025 ஜனவரி 6 அன்று, தஞ்சாவூர் போய்விட்டு மாவேலிக்கரைக்குத் திரும்பிய கேரள அரசுப் பேருந்து, இதே மாவட்டத்தில் பீர்மேடு பக்கம் புல்லுப்பாறையில் கவிழ்ந்து நாலு பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் சொன்னதாகச் செய்தி வந்தது. அதுவும் இறக்கம்தான்.

நான் இருக்கிற ஊர்ப்பக்கம் பைக்ஸ் பீக் என்று ஒரு மலை, 14,000 அடிக்கு மேல். உச்சி வரை கார் போகும். இறங்கும் வழியில் க்ளென் கோவ் என்ற இடத்தில் ஒவ்வொரு காரையும் நிறுத்தி, சக்கரத்துக்கு நேராக ஒரு வெப்பமானியைக் காட்டுவார்கள். 300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தால் ஓரம் கட்டி ஆறவிட்டுத்தான் அனுப்புவார்கள். கையடக்கக் கருவி, ஒரு ஆள், அவ்வளவுதான் செலவு. நம்மூர் செக்போஸ்ட்டில் கஞ்சா தேடிப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் தேடிப் பார்த்திருக்கிறேன், 2020-ல் இ-பாஸ் கேட்டார்கள். இறங்குகிற வண்டியின் பிரேக் சூட்டை ஒருவரும் பார்த்து நான் கண்டதில்லை.

அமெரிக்காவில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இங்கே ஐ-70 நெடுஞ்சாலையில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளை கொட்டிய ஏற்றப் பாதைகள் உண்டு. 2019 ஏப்ரல் 25-ல் பிரேக் இழந்த ஒரு லாரி அதில் ஏறாமல் தாண்டி வந்து, டென்வரை ஒட்டிய லேக்வுட்டில் நின்றிருந்த வண்டிகள் மேல் மோதி நாலு பேர் இறந்தார்கள். ஓட்டியவருக்கு 110 வருஷம் சிறை என்று தீர்ப்பு வந்து, ஆளுநர் அதைப் பத்து வருஷமாகக் குறைத்தார். போடிமெட்டில் அப்படி ஏற்றப் பாதை கட்டலாமே என்று கேட்பார்கள். இரண்டு கொண்டை ஊசிக்கு நடுவில் அதற்கு இடம் ஏது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அந்தரம். அங்கே கியர் ஒன்றுதான் வழி.

சரி, விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வருவோம். இங்கே வருஷக்கணக்காக ஆட்டோமேட்டிக் ஓட்டியவர்கள் அந்தக் குச்சியில் டி-க்குக் கீழே இன்னும் எழுத்துகள் இருக்கின்றன என்பதையே மறந்துவிட்டார்கள். எல், 2, அல்லது மேனுவல் என்று ஏதோ ஒன்று இருக்கும். போடிமெட்டு தாண்டியதுமே அதைப் போட்டுவிடுங்கள். எஞ்சின் கத்தும், கத்தட்டும். நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்று வாடகை ஓட்டுநர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது எரிபொருள் முழுசாக நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவாகும். எஞ்சினையே அணைத்து இறக்குவது அதைவிடக் கொடுமை. இரண்டு மூன்று மிதியில் பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி தீர்ந்துபோகும், ஸ்டியரிங் கல்லாகும், சாவியை எடுத்துவிட்டால் பூட்டியும் கொள்ளும். எலெக்ட்ரிக் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மூணாறில் முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்காது, மோட்டார் பிடிக்கிற பிடி குறைந்துவிடும்.

டயருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். வாடகைக் காரில் பூட்டியிருக்கிற நாலும் பளபளப்பாக இருக்கும், ஸ்டெப்னி மட்டும் மொட்டையாக இருக்கும்.

நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இறக்கச் சம்மதிக்காதீர்கள். 1989-ஆம் வருஷச் சாலை விதிகளிலேயே கட்டி இழுக்கிற இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது, பின் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும் என்று இருந்தது. சமவெளிக்கு அது சரி. இறக்கத்தில் கயிறு தொய்ந்துவிடும், எஞ்சின் செத்த வண்டி உதவியில்லாத பிரேக்கோடு முன் வண்டியின் முதுகில் போய் ஏறும். சித்தப்பா அப்படி நின்றால் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு கல்லை வைத்துவிட்டு, அடுத்த ஜீப்பில் ஏறிப் போடிக்குப் போய் மெக்கானிக்கைக் கூட்டி வருவார். வண்டி கிளம்பியதும் இறங்கி வந்து அந்தக் கல்லை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் போவார். நீங்களும் கல் வைத்தால் எடுத்துவிட்டுப் போங்கள். வளைவு திரும்பி மூடுபனியில் வருகிற அடுத்த வண்டிக்கு அது தெரியாது.