ஜமால் முகம்மது சாகிபின் அழியாக் கொடை

மனிதன் கண்மூடிய பின்னும் அவனுடைய ஏட்டில் நன்மை சேர்ந்துகொண்டே இருக்கச் செய்பவை மூன்று என நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள்: நிலைத்த தருமம், பயன் தரும் கல்வி, நன்மக்கட்பேறு. இம்மூன்றையும் ஒரே குடும்பத்தில் காண விழைவோர் சென்னை ஜமால் குடும்பத்தின் வரலாற்றை நோக்குவாராக.

ஆவாரம்பட்டையால் பதனிடப்பெற்ற தென்னாட்டுத் தோல்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இலண்டன் சந்தையில் விலைபோன காலம் அது. அவ்வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜமால் முகைதீன் ராவுத்தர் அவர்கள், பெரம்பூரில் ஜமாலிய்யா அரபிக் கல்லூரியை நிறுவினார்கள். மைந்தர் ஜமால் முகம்மது சாகிப் அவர்களோ, தந்தையின் வணிகத்தோடு தருமத்தையும் வளர்த்தார்கள். இந்திய வணிகர் சம்மேளனத்தின் தலைமை அவர்களைத் தேடி வந்தது. 1931இல் இலண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் அவர்கள் பங்கு கொண்டார்கள்.

ஆயினும், பதவிகளினும் மேலாக நாம் போற்றத்தக்கது வேறொன்று. இஸ்லாத்தைப் பற்றிய தொடர் சொற்பொழிவுகளைச் சென்னையில் நிகழ்த்துவிக்கும் பொருட்செலவை அவர்கள் ஏற்றார்கள். 1925இல் மௌலானா சையித் சுலைமான் நத்வி அவர்கள் வந்து நபிபெருமானாரின் வாழ்வைப் பற்றி உருதுவில் எட்டுப் பேருரைகள் ஆற்றினார்கள். ‘குத்பாத்தே மதராஸ்’ என நம் நகரின் பெயரையே தாங்கி அவை நூலாயின. 1927இல் ஆங்கிலேய முஸ்லிம் அறிஞர் மர்மட்யூக் பிக்தால் இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றி உரையாற்றினார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார்கள். இங்கு நிகழ்த்திய உரைகளை உள்ளடக்கி 1930இல் லாகூரில் வெளிவந்ததே, இஸ்லாமியச் சிந்தனையின் புத்தமைப்பைப் பற்றிய அவர்களின் புகழ்பெற்ற ஆங்கில நூல்.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒருவர் மத்ரஸா மரபில் வந்த ஆலிம். ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர். ஒருவர் மேனாட்டுத் தத்துவம் பயின்ற கவிஞர். இக்பாலின் கருத்துக்கள் சிலவற்றை உலமாக்களுள் பலர் ஏற்றிலர். அரபு மத்ரஸாவில் பயின்ற அடியேனும் சிலவற்றில் தயங்குபவனே. ஆயினும், மறுப்பதற்கும் முதலில் ஒரு நூல் வேண்டுமன்றோ? தமக்கு உவப்பான சொல்லை மட்டும் விலைகொடுத்துக் கேட்பவன் வணிகன். அறிஞனை அழைத்து, அவன் எண்ணியதை உரைக்க விடுபவனே வள்ளல். இக்பாலின் முன்னுரையிலும் அழைத்த சங்கமாகிய சென்னை முஸ்லிம் சங்கத்தின் பெயரே காணப்படுகிறது. பொருள் தந்தவரின் பெயர் இல்லை.

அவர்களும் காஜாமியான் ராவுத்தர் அவர்களும் கண்ட கனவே, 1951இல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகம்மது கல்லூரியாக மலர்ந்தது. கட்டிடத்தில் பொறித்த பெயரைக் காண்போர் பலர். அந்நூல்களின் பின்னே நிற்கும் கொடையை அறிவார் சிலரே.

மினாராக்களை உயர்த்தவும் விருந்துகளைப் பெருக்கவும் நம் செல்வர் தயங்குவதில்லை. ஓர் அறிஞனுக்கு ஓராண்டு உணவும் ஓய்வும் தந்து ஒரு நூலை எழுதுவிக்க முன்வருவோர் எத்தனை பேர்? அவர்களுடைய தோல்கள் கப்பலேறிப் போயின. அவர்கள் ஏற்றிய சொற்கள் இன்றும் பயணம் செய்கின்றன. அவ்வள்ளலின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக!